செத்த காலேஜும் உரையாசிரியரும்

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்திற்கு நம் பாட்டன்மார் இட்டு வழங்கிய பெயர் 'செத்த காலேஜ்'. விலங்குகளை உயிரோடு வைத்துக் காட்டிய இடம் 'உயிர்க் காலேஜ்'. கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வருவோர் இவ்விரண்டு காலேஜுகளையும் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை. இப்பெயரை நகைச்சுவை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அதற்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. காட்சிப் பொருள்களின் அருகில் நின்று அவற்றைப் பற்றிப் பேசும் கலையை ஒருவர் எங்கே கற்பது என்ற கேள்வி, நம் வட்டத்தின் கூட்டங்களில் அவ்வப்போது எழுந்து விடை காணாமல் போயிருக்கிறது. அக்கேள்விக்குரிய வரலாற்றை இந்தப் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

1812ஆம் ஆண்டில் எல்லிஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் முயற்சியால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. கப்பலிலிருந்து இறங்கிய கம்பெனி இளைஞர்களுக்குத் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் கற்பிப்பது அதன் வேலை. தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் அங்கே ஆசிரியர்களாக விளங்கினர். நுங்கம்பாக்கத்தில் இயங்கிய அக்கல்லூரிக் கட்டடத்தின் மாடியில்தான் 1851இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. கீழே இலக்கணம் நடந்துகொண்டிருக்க, மேலே கல்லும் கனிமமும் அடுக்கப்பட்டன. 1854இல் கல்லூரி கலைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே அருங்காட்சியகமும் எழும்பூரில் பாந்தியன் என வழங்கிய, ஒரு காலத்தில் வெள்ளையர் கூடி விருந்தும் நடனமும் நடத்திய மாளிகைக்குப் பெயர்ந்தது. கல்லூரி மறைந்தது, அதன் பெயர் மட்டும் பொருள்களோடு வண்டியேறி எழும்பூர் சென்றது என்று சொல்லவேண்டும். 'மியூசியம்' என்ற சொல் நாவில் புரளாத மக்களுக்குக் 'காலேஜ்' என்பது பழகிய பெயர். ஆசிரியர் இல்லாத காலேஜாக அது ஆனதை அவர்கள் அறிந்து சொன்னார்களோ, அறியாமல் சொன்னார்களோ, பெயர் பொருந்திவிட்டது.

அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்பூர் ஓர் அறுவை மருத்துவர். அருங்காட்சியகம் நடத்தும் பயிற்சி அவருக்கு இல்லை. அக்காலத்தில் உலகில் எங்குமே அப்படியொரு பயிற்சி கிடையாது. ஆனால் பார்க்க வருகிறவர்களின் மனத்தை அவர் கூர்ந்து கவனித்தார். அருங்காட்சியக வளாகத்தில் கட்டி வைத்திருந்த புலியும் சிறுத்தையும் கூட்டத்தை இழுப்பதைக் கண்டு, கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்று, 1855இல் அங்கேயே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். 'உயிர்க் காலேஜ்' பிறந்த கதை இது. 1860களில் அது பீப்பிள்ஸ் பார்க்கிற்குப் பிரிந்து போயிற்று. 1985இல் வண்டலூருக்குப் போயிற்று. உயிரும் செத்ததும் ஒரே வளாகத்தில் இருந்த காலம் மிகக் குறுகியதே. பிரிந்த பிறகு, அசையாத பொருளுக்கு உயிர் கொடுக்க வேறு வழி தேடவேண்டியதாயிற்று. அந்த வழி பேச்சு.

பால்பூருக்குப் பின் வந்தோரும் வேறு துறையினரே. ஜார்ஜ் பிடி மருத்துவர். 1885 முதல் 1908 வரை பொறுப்பு வகித்த எட்கர் தர்ஸ்டனும் மருத்துவம் பயின்றவர். 1920 முதல் 1940 வரை தலைமை வகித்த கிரேவ்லி விலங்கியலார். சிலந்திகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தவர். அவரே டி. என். இராமச்சந்திரனோடு சேர்ந்து 1932இல் தென்னிந்திய இந்து சமயச் செப்புத் திருமேனிகளின் அட்டவணையையும், 1934இல் கோயிற் கட்டடக் கலையின் மூவகைப் பாணிகளைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். சிலந்தியின் கால்களை எண்ணிப் பழகிய கண் விமானத்தின் தளங்களை எண்ணியது. இதில் இழிவு ஏதுமில்லை. உற்று நோக்குதல் எத்துறையிற் பழகினாலும் ஒன்றே. செப்புத் திருமேனிகளை அரித்துத் தின்னும் களிம்பு நோய்க்கு மருந்து காண, 1930களில் பரமசிவன் என்னும் வேதியியலாரைக் கொண்டு அங்கே ஓர் ஆய்வுக்கூடம் உருவானது. மின்பகுப்பு முறையால் திருமேனிகள் காப்பாற்றப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் எம்முறையில் தீட்டப்பட்டவை என்பதையும் பரமசிவன் ஆராய்ந்தார்.

இவ்வாறு காப்பவர் உருவாயினர், அட்டவணை செய்பவர் உருவாயினர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து, அரைமணி நேரத்தில் எல்லா அறைகளையும் கடந்து வெளியேறும் மனிதரிடம் பேசுபவரை உருவாக்க யாரும் முனையவில்லை. அது அறிஞர் ஓய்வு நேரத்தில் செய்யும் உபகாரமாகவே கருதப்பட்டது. இந்நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று.

இக்குறையை இலக்கியத்தால் நிறைவு செய்தவர் ஒருவர் அதே சென்னை அருங்காட்சியகத்தில் இருந்தார். அவர் சி. சிவராமமூர்த்தி (1909-1983). வடமொழிக் காவியங்களில் தோய்ந்தவர். கையில் பென்சிலோடு வாழ்ந்தவர். அமராவதிப் பளிங்குச் சிற்பங்களில் ஒரு பகுதி 1859இலேயே இலண்டனுக்குக் கப்பலேறிவிட்டது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி சென்னையில் இருந்தது. அவற்றைப் பற்றி 1942இல் அவர் வெளியிட்ட நூலைப் புரட்டினால் அவருடைய பயிற்சி எங்கிருந்து வந்தது என்பது தெரியும். சிற்பத்தில் காணும் அணிகலன், தலைக்கோலம், இசைக்கருவி, இருக்கை, கலம், படைக்கலம் ஆகிய ஒவ்வொன்றையும் தம் கையாலேயே கோட்டுருவமாக வரைந்து அடுக்கினார். அவற்றுக்குரிய பெயர்களைக் காவியங்களிலிருந்து தேடி எடுத்துப் பொருத்தினார். கல்லில் இருப்பது சொல்லிலும் இருக்கிறது, சொல்லில் இருப்பது கல்லிலும் இருக்கிறது என்ற நம்பிக்கையே அவருடைய முறை. பின்னர் 1966இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தின் தலைமையை அவர் ஏற்றார். அவருக்கு முன் 1960 முதல் அப்பதவியில் இருந்தவர் கிரேஸ் மார்லி என்னும் அமெரிக்கப் பெண்மணி. சான் பிரான்சிஸ்கோவில் ஓவியக் காட்சிக்கூடம் ஒன்றை நிறுவி வளர்த்தவர். காட்சிப் பொருளை எப்படி வைப்பது, ஒளி எங்கிருந்து விழவேண்டும், பார்ப்பவர் எங்கே நிற்பார் என்பன அவர் கொண்டுவந்த அறிவு. இவை காவியம் கற்றால் வருவன அல்ல. மார்லியின் நாற்காலியில் சிவராமமூர்த்தி அமர்ந்தது, இரண்டு வகைப் பயிற்சிகள் ஒரே மேசையில் அடுத்தடுத்து இருந்து பார்த்த நிகழ்ச்சி எனலாம். ஆயினும் இரண்டும் சேர்ந்த ஒரு பாடத்திட்டம் பிறந்துவிடவில்லை.

பயிற்சி பெற்ற கண் இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதற்கு அரிக்கமேட்டுக் கதையைச் சொல்வார்கள். 1944இல் தொல்லியல் துறையின் தலைவராகப் பதவியேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் ஒரு நிலைப்பேழையில் பானைக் கழுத்து ஒன்றைக் கண்டார். மத்தியதரைக் கடற்பகுதியில் மது நிரப்பிக் கப்பலேற்றும் இருபிடிச் சாடியின் துண்டு அது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்றறிந்து உடனே அங்கு விரைந்தார். 1945இல் அகழ்வாய்வு நடந்தது. அவ்வகழ்வாய்வு இந்திய மாணவர்களுக்குப் பயிற்சிக் களமாகவும் அமைந்தது. வீலர் இக்கதையைச் சுவைபடச் சொன்னவர். சொல்லும் விறுவிறுப்பில், தாம் வரும்வரை அத்துண்டு ஊமையாய்க் கிடந்ததாகவே படிப்பவர் எண்ணும்படி செய்துவிட்டார். உண்மை வேறு. சென்னை அருங்காட்சியகத்திற்கு இந்தியர்களில் முதல் தலைவரான ஐயப்பன், மானிடவியல் கற்றவர், 1941ஆம் ஆண்டிலேயே அரிக்கமேடு சென்று ஆராய்ந்து, அவ்விடத்தின் பெருமையை 'இந்து' நாளிதழில் எழுதியிருந்தார். பொருளை அறிந்தவர் இருந்தார், எழுதவும் எழுதினார். ஆனால் அந்தச் சேதி பேழைக்கும் பார்ப்பவருக்கும் இடையில் நிலைத்து நிற்கவில்லை.

நம்மைப் போன்றோர்க்கு இக்கதையில் இன்னுமொரு செய்தி உண்டு. உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894இல். அந்நூலின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை நோக்கி, யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் பொற்கலத்தில் மகளிர் தர உண்டு மகிழ்க என்று வாழ்த்துகிறார். தமிழாசிரியர்கள் அப்பாட்டை ஐம்பது ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருந்தார்கள். தேறல் வந்த சாடி எழும்பூரில் இருந்தது. தேறலைப் பாடிய பாட்டு பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஆள் வேண்டியிருந்தது.

அத்தகைய ஆளுக்கு மேலைநாட்டார் பெயரிட்டதும் பயிற்சி வகுத்ததும் அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலராயிருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1907ஆம் ஆண்டையொட்டிப் பார்வையாளரோடு நடந்து பொருளை விளக்குவோரை நியமித்து, அவர்களுக்கு 'டோசென்ட்' என்று பெயரிட்டார். 'கற்பித்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். இவர் 1916இல் வெளியிட்ட ஒரு கட்டுரை மிகச் சுவையானது. ஒரு மனிதரைக் காட்சிப் பேழைகளின் முன் நிறுத்தி, சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க அவர் எப்படியெல்லாம் குனிகிறார், வளைகிறார், எட்டிப் பார்க்கிறார் என்பதைப் புகைப்படங்களாக எடுத்து வெளியிட்டார். அருங்காட்சியகம் மனிதரைக் களைப்படையச் செய்கிறது, அதற்குக் காரணம் வருபவரின் அறியாமை என்று பழி போடாதீர்கள், பேழையின் உயரத்தைப் பாருங்கள் என்பது அவர் வாதம். நம் மாவட்ட அருங்காட்சியகங்கள் சிலவற்றில் கல்வெட்டின் பெயர்ச்சீட்டு முழங்கால் உயரத்தில் இருப்பதை அன்பர்கள் கண்டிருப்பார்கள். கில்மனின் புகைப்படங்களை அங்கே ஒட்டி வைத்தால் நன்று.

கில்மன் பணியாற்றிய அதே பாஸ்டனுக்கு 1917இல் வந்து சேர்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஈழத் தமிழரான முத்துக் குமாரசுவாமியின் மைந்தர், கற்றது நிலவியல், கனிமங்களை ஆராயச் சென்றவர் கைவினைஞரின் உலகத்துக்குள் நுழைந்துவிட்டார். 1947இல் மறையும் வரை அந்த அருங்காட்சியகத்திலேயே இருந்தார். கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1940களில் அவர் எழுதியவை, விளக்குவோர் யாவரும் கற்கவேண்டியவை. பொருளின் அழகை வியப்பதோடு நிற்காதீர்கள். அது எதற்காகச் செய்யப்பட்டது, யார் எவ்வாறு பயன்படுத்தினர், செய்தவன் உள்ளத்தில் என்ன கருத்து இருந்தது என்பதைச் சொல்லுங்கள் என்கிறார் அவர். வழிபாட்டில் இருந்த திருமேனியை மேடையில் ஏற்றி 'அழகு' என்று மட்டும் சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. இக்கண்டிப்பில் ஒரு குறையும் உண்டு: எல்லாப் பொருளுக்கும் ஒரே தத்துவ விளக்கத்தை அவர் தேடிவிடுவார். அரிவாளுக்கும் அகப்பைக்கும் அத்தனை உபநிடதம் தாங்காது. ஆனால் திசை சரியானதே.

மற்றொரு திசை காடுகளிலிருந்து வந்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மலையையும் மரத்தையும் பழங்கோட்டைகளையும் காணவரும் மக்களுக்கு விளக்கம் சொல்வோர் 1920களிலேயே பயிற்சி பெறலாயினர். யோசெமிட்டி என்னும் பள்ளத்தாக்கில் 1925இல் களப் பள்ளி ஒன்று தொடங்கியது. இப்பணியின் இலக்கணத்தை எழுதியவர் ஃபிரீமன் டில்டன். அவர் விஞ்ஞானியோ வரலாற்றுப் பேராசிரியரோ அல்லர். பத்திரிகையாளராகவும் நாவலாசிரியராகவும் நாடகாசிரியராகவும் இருந்து, எழுத்தில் சலிப்புற்று, நடுவயது கடந்தபின் பூங்காக்களுக்கு வந்தவர். 1957இல், எழுபதைத் தாண்டிய வயதில், மரபுச் செல்வத்தை விளக்குவது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆறு நெறிகளை அதில் வகுக்கிறார். தகவல் மட்டும் விளக்கம் ஆகிவிடாது. பார்ப்பவரின் வாழ்வோடு தொடர்புபடாத பேச்சு மலட்டுப் பேச்சு. போதிப்பதைவிட உள்ளத்தைத் தூண்டுவதே நோக்கம். குழந்தைகளுக்குச் சொல்வது பெரியவர்களுக்குச் சொல்வதை நீர்த்துச் சொல்வதன்று, அதற்கு வேறு வழியே வேண்டும் என்பன அவற்றுள் சில. அரைநூற்றாண்டு கழித்து, 2008இல், பண்பாட்டுச் சின்னங்களை விளக்குவது குறித்து உலக நாடுகளின் வல்லுநர் அவையாகிய இகோமாஸ் ஏற்றுக்கொண்ட சாசனம், விளக்குவோர்க்குரிய பயிற்சியையும் ஒரு நெறியாகவே சேர்த்தது.

இந்தியாவில் முறையான அருங்காட்சியகவியல் கல்வி பரோடாவில் தோன்றியது. மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952இல் தொடங்கிய துறையே நாட்டில் முதலாவது. 1959இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1989இல் தில்லியில் தேசிய அருங்காட்சியகத்தோடு இணைந்த உயர்கல்வி நிறுவனம் பிறந்தது. பின்னர் அது நொய்டாவுக்கு இடம்பெயர்ந்தது. கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் என்னும் மூன்றும் அங்கே பாடங்கள். இங்கெல்லாம் கற்றுத் தேர்ந்தோர் நாடெங்கும் காப்பாட்சியர்களாகப் பணிபுரிகின்றனர். அவர்களுடைய கல்வியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் இவை எல்லாம் ஆங்கில வழிக் கல்வி. பட்டம் பெற்றவர் தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகர் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரை எதிர்கொள்ளும் நாளில், அவர் கற்ற கலைச்சொற்கள் அவருக்குக் கைகொடுப்பதில்லை. 'ஐகனோகிராபி' என்று தொடங்கியதுமே பின்வரிசைப் பிள்ளைகள் அடுத்த அறைக்கு நழுவிவிடுகிறார்கள். சுற்றுலாத் துறை தரும் வழிகாட்டிப் பயிற்சியோ வேறு வகையினது. விருந்தினரை வரவேற்பதற்கு அது பயன்படும்.

தமிழ் வழியில் பயிற்சி தேடுவோர்க்கு வாசல் திறந்தது கல்வெட்டுத் துறையே. 1961இல் தமிழ்நாட்டரசு தொல்லியல் துறையை நிறுவியது. 1966 முதல் 1988 வரை அதற்குத் தலைமை வகித்த இரா. நாகசாமி, அதற்குமுன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராயிருந்தவர். 1970களில் அத்துறை கல்வெட்டியலுக்கு ஒரு நிறுவனம் கண்டு, பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. கல்வெட்டுப் படிப்பது இரகசிய வித்தை என்ற எண்ணம் அக்காலத்தில்தான் உடைந்தது. தமிழாசிரியர்களும் அஞ்சலகத்தாரும் வங்கி ஊழியரும் மைப்படி எடுக்கக் கற்றனர். திருச்சிராப்பள்ளியில் கண் மருத்துவரான இரா. கலைக்கோவன் 1980களில் தம் தந்தையார் மா. இராசமாணிக்கனார் பெயரால் நிறுவிய வரலாற்று ஆய்வு மையம், கோயிலையே வகுப்பறையாக்கிக் கட்டடக் கலையும் கல்வெட்டும் கற்பித்தது. சென்னை அருங்காட்சியகத்தை மருத்துவர் ஒருவர் தொடங்கியதையும், ஒரு நூற்றாண்டுக்குப் பின் மருத்துவர் ஒருவர் கோயில்களில் வகுப்பு நடத்தியதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கையில், இத்துறை இன்றும் ஆர்வலர்களின் தோளில்தான் நிற்கிறது என்பது புலனாகிறது.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். விளக்குதல் என்னும் கலைக்குத் தமிழில் பயிற்சி இல்லை என்பது முழு உண்மையன்று. அதற்கு நம்மிடம் ஒரு நெடும் பள்ளி இருந்தது. அதன் பெயர் உரை. ஒரு பழம்பொருள் எதிரே இருக்கிறது. அது தோன்றிய உலகம் மறைந்துவிட்டது. கேட்பவன் இன்றைய மனிதன். நடுவே நின்று ஒருவர் பேசவேண்டும். இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் செய்தது இதுவே. அவர்கள் முன் இருந்த பழம்பொருள் நூற்பாவும் பாட்டும்; அருங்காட்சியகத்தில் அது கல்லும் செம்பும். வேறுபாடு அவ்வளவே.

நன்னூல் உரையின் உறுப்புகளைப் பதினான்கு என்று எண்ணுகிறது. அவற்றுள் வினாவும் விடையும் தனித்தனி உறுப்புகள். கேள்வி எழுப்பாமல் உரை நிறையாது என்று பவணந்தியார் வகுத்ததைத்தான், தூண்டுதல் என்று டில்டன் வேறொரு வழியில் வந்து கண்டார். சுருங்கச் சொல்லும் காண்டிகையுரையையும் விரித்துரைக்கும் விருத்தியுரையையும் நன்னூல் வேறுபடுத்துகிறது. பேழையில் ஒட்டும் பெயர்ச்சீட்டு காண்டிகை. அருகில் நின்று பேசுவது விருத்தி. இரண்டுக்கும் இலக்கணம் வேறு என்பதை உணராமையால்தான், சீட்டில் எழுதவேண்டியதை வாயால் ஒப்பிப்பதும், வாயால் சொல்லவேண்டியதை நாற்பது வரிப் பலகையாக எழுதி வைப்பதும் நிகழ்கின்றன.

உரையாசிரியர்களிடம் கற்கவேண்டிய இன்னொரு பண்பு நேர்மை. தாம் கொள்ளாத கருத்தையும் 'என்பாரும் உளர்' என்று பதிவு செய்துவிட்டே அவர்கள் மறுப்பார்கள். இதை மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தின் முன் பொருத்திப் பாருங்கள். அது அருச்சுனன் தவம் என்று ஒரு வழக்கு. 1914இல் பிரெஞ்சு அறிஞர் கோலுபியூ, நடுவிலுள்ள பிளவையும் அதில் நீந்தும் நாகங்களையும் காட்டி, அது கங்கை இறங்கும் காட்சி, தவம் செய்பவன் பகீரதன் என்றார். பின்னர் டி. என். இராமச்சந்திரன், பாரவியின் கிராதார்ச்சுனீயத்தோடு ஒப்பிட்டு, அருச்சுனனே என்று வாதாடினார். அங்கே வழிகாட்டுவோர் பலர் இரண்டில் ஒன்றை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பூனையைக் காட்டிச் சிரிக்கவைத்து நகர்ந்துவிடுகிறார்கள். மேலே பாறையில் நீர் தேக்கும் அமைப்பிருந்ததைக் காட்டி, ஒற்றைக் காலில் நிற்பவனையும் வரம் தரும் கையையும் காட்டி, 'இவன் யாரென்று நீங்கள் நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் வாய்மூடி நிற்பவரை அங்கே காண்பது அரிது. பேசாமல் நிற்பதுதான் இத்தொழிலில் கற்பதற்கு மிகக் கடினமான பாடம் என்று நான் கருதுகிறேன்.

உரை மரபால் மறைந்த பொருளே உருப்பெற்றதற்குச் சான்று யாழ். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் யாழ், குழல், அரங்கு, கூத்து பற்றிய செய்திகள் குவிந்து கிடக்கின்றன. அவர் காலத்திலேயே பல நூல்கள் அழிந்துவிட்டன என்பதையும் அவர் வாயிலாகவே அறிகிறோம். 1892இல் சாமிநாதையர் அவ்வுரையோடு சிலம்பைப் பதிப்பித்தார். கிழக்கிலங்கையில் பிறந்த விபுலாநந்த அடிகள் அவ்வுரையைப் பற்றிக்கொண்டு ஆண்டுகள் பல உழைத்து, யாழின் வடிவையும் நரம்புகளின் கணக்கையும் மீட்டார். 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதம் அடிகள் மறைந்தார். அடிகளின் முடிவுகளில் சிலவற்றை இசையறிஞர் ஏற்பதில்லை. ஆனால் ஒரு சங்க யாழ்கூட எஞ்சாத நாட்டில், உரையை மட்டும் கொண்டு ஒரு கருவியைக் கண்முன் நிறுத்தத் துணிந்த அம்முயற்சிக்கு இணையான விளக்கப் பணியை நான் அறியேன். அடிகளும் அறிவியல் பட்டதாரியே என்பது நினைக்கத்தக்கது.

ஆதலால் நம் வட்டத்து இளைஞர் ஒருவர் இத்துறையில் இறங்க விரும்பினால், பரோடாவோ நொய்டாவோ செல்ல வசதியுள்ளவர் செல்லட்டும். பாதுகாப்பின் நுட்பத்தையும் காட்சி அமைப்பையும் வீட்டிலிருந்து கற்க இயலாது. வசதியில்லாதவர் கல்வெட்டுப் பயிற்சியில் சேரலாம். அதுவும் இயலாதவர், தம் ஊருக்கு அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, ஓராண்டு அதனோடு பழகலாம். அதை வரையவேண்டும், சிவராமமூர்த்தி வரைந்தது போல, அழகுக்காக அன்றிக் கண் தப்பவிட்டதைக் கை பிடிப்பதற்காக. அதன் பெயர் இலக்கியத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடவேண்டும். பிறகு வாயிலில் காவல் நிற்கும் பணியாளரிடம் போய், மக்கள் எந்தப் பொருளின் முன் நிற்கிறார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று விசாரிக்கவேண்டும். முப்பதாண்டு அங்கேயே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவருக்குத் தெரிந்த அளவு பார்வையாளரைப் பற்றி எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. அவரை யாரும் கேட்பதில்லை.

2023 மார்ச்சில் கீழடியில் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அகழ்ந்த பொருள்களை அகழ்ந்த இடத்துக்கருகிலேயே காண்கிறோம். திறந்தது முதல் அங்கே பள்ளிப் பேருந்துகள் வந்தவண்ணம் இருக்கின்றன. கீழடி கொடுத்த பானையோடுகளுள் ஒன்றில் 'ஆதன்' என்ற பெயர் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் 'ஆதன் யார்?' என்று கேட்பது இயல்பு. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய ஏழாம் பத்தின் தலைவன் செல்வக் கடுங்கோ வாழியாதன். ஐங்குறுநூற்றின் தொடக்கத்தில் மருதத்து முதற்பத்து முழுவதும் ஆதன் என்ற பெயர் வாழ்த்தாக ஒலிக்கிறது. இவ்விரண்டையும் அறிந்த ஒருவர் அந்த ஓட்டின் முன் நின்றால், சேரவேந்தனும் பானைக்குரியவன் ஒருவனும் ஒரே பெயரைச் சூடியிருந்த காலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டமுடியும். இந்த ஆதன் அந்த ஆதன் அல்லன், பெயர்தான் ஒன்று என்று அங்கேயே தெளிவாகச் சொல்லி நிறுத்தவும் முடியும்.